எழுதாமல் விடும் பரீட்சை

பவானிக் கூடுதுறைக்கு வருகிறவர்கள் காவேரியையும் பவானியையும் கண்ணால் பார்க்கிறார்கள். மூன்றாவதாக அமுத நதி என்று ஒன்று பூமிக்கடியிலிருந்து வந்து கலக்கிறது என்று பெரியவர்கள் சொல்ல, அதையும் நம்பி முழுக்குப் போட்டுவிட்டுச் சங்கமேசுவரரைத் தரிசிக்கப் போகிறார்கள். மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சிலும் ஏறக்குறைய அப்படித்தான் ஆயிற்று. கண்ணுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். மூன்றாவது ஆள் இருப்பது மறுநாள்தான் நமக்குத் தெரிய வந்தது.

வந்தவர்கள் ஒரு தகப்பனாரும் மகனும். தகப்பனார் ஜமக்காளம் நெய்கிறவர். வீட்டிலேயே இரண்டு குழித்தறி போட்டிருக்கிறார். (பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது வருஷமாகிறது. விசைத்தறியில் ஓட்டிய போலிச் சரக்கும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு விலை போகிறது. அந்தச் சங்கடத்தைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதத்தான் வேண்டும்.) மகன் நம்மிடம் படித்த பழைய மாணாக்கன். கோயமுத்தூரில் ஒரு கலாசாலையில் பி.எஸ்ஸி. பௌதிகம், மூன்றாவது வருஷம், கடைசிப் பருவம். சித்திரையில் பரீட்சை. வானத்து நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அமெரிக்கா போக வேண்டும் என்பது பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே அவனுடைய ஆசை.

"வாத்தியாரய்யா, பையன் ஒரு பாடத்தை எழுதாம உடறேங்கறானுங்க. வேணும்னே உடறானாமா. நீங்க சரின்னு சொன்னாச் சரிங்க" என்றார் தகப்பனார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷமாகப் பரீட்சை எழுதப் பயப்படும் பிள்ளைகளைப் பார்த்து வருகிறோம். எழுதத் தெரிந்திருந்தும் எழுதமாட்டேன் என்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறோம்.

பையன் நிதானமாகவே சொன்னான். அமெரிக்கச் சர்வகலாசாலைகளுக்கு டிசம்பர் மாதத்தை ஒட்டி மனுப் போட வேண்டும். சேருவது மறு வருஷம் ஆவணியில். போன டிசம்பரில் மனுப் போட்டிருந்தால் காட்டுவதற்கு ஐந்து பருவத்து மதிப்பெண் தவிர அவன் கையில் வேறொன்றுமில்லை. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள எதுவும் செய்யவில்லை. மூன்று சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். அவனை உள்ளபடி அறிந்த ஆசிரியர் ஒருவர்தான். ஆகவே இன்னும் ஒரு வருஷம் வேண்டும். பட்டம் வாங்கிவிட்டால் கலாசாலைக்கு வெளியே நிற்க வேண்டும். சோதனைச்சாலைக் கதவும் புத்தகசாலைக் கதவும் சாத்திவிடும். ஒரு பாடத்தைப் பாக்கி வைத்தால் 'இன்னும் மாணாக்கன்தான்' என்று சொல்லிக்கொள்ளலாம். விஞ்ஞானக் கழகங்கள் கோடை விடுமுறையில் நடத்தும் ஆராய்ச்சிப் பயிற்சிகள் கலாசாலையில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தானே! சும்மா இருந்த வருஷம் என்று பிற்பாடு யாரும் கேட்கவும் முடியாது. இப்படிப் போயிற்று அவன் வாதம். விடுதியில் கூட இருக்கும் நண்பன் ஒருவன் சொல்லிக் கொடுத்த யுக்தியாம்.

தகப்பனார் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "பாவைப் பூட்டிப்போட்டு நெய்யாம நிறுத்தி வெச்சா நூலு தொய்ஞ்சு போகுமுங்க. அது தறிக்குச் சொல்றது. படிப்புக்கு எப்படீன்னு எனக்குத் தெரியலீங்க" என்றார்.

பையனுடைய யுக்தி நமக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவனுடைய கவலை பொய்யான கவலையல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது; நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

நம் தாத்தாக்கள் காலத்தில் எஸ்.எஸ்.எல்.ஸி. வரையில் பதினொரு வருஷம், இண்டர்மீடியட் இரண்டு, பி.ஏ. இரண்டு, ஆகப் பதினைந்து. 1950-களின் பிற்பகுதியில் இண்டர்மீடியட்டை எடுத்துவிட்டுப் பி.யு.ஸி. என்று ஒரு வருஷமாகச் சுருக்கினார்கள். பட்டப் படிப்பை மூன்றாக நீட்டினார்கள். பதினொன்றும் ஒன்றும் மூன்றும் பதினைந்து. பிறகு கோத்தாரி கமிஷன் 1966-ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. அதன் வழியில் தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ்-டூ வந்தது. பத்தும் இரண்டும் மூன்றும், மறுபடியும் பதினைந்து! மூன்று தலைமுறையாகச் சட்டையை மாற்றி மாற்றித் தைத்தோம். அளவு மட்டும் மாறவில்லை. அமெரிக்காவிலோ பள்ளியில் பன்னிரண்டு, கலாசாலையில் நாலு, ஆகப் பதினாறு. அங்கே மேல்படிப்புக்கு வருகிறவனிடம் பல சர்வகலாசாலைகள் அந்தப் பதினாறாவது வருஷம் எங்கே என்று கேட்கின்றன. பொறியியல் படித்த பிள்ளைக்குப் பிளஸ்-டூவுக்குப் பிறகு நாலு வருஷமாதலால் கணக்கு நேராகிவிடுகிறது. பி.எஸ்ஸி. படித்த பிள்ளைக்குத்தான் ஒன்று குறைகிறது. பட்டப் படிப்பு மூன்று வருஷமாகவே உள்ள இங்கிலாந்தில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

இந்தக் குறையை நிரப்ப இந்தியாவில் யோசனைகள் நடக்காமலில்லை. டில்லி சர்வகலாசாலை 2013-ல் பட்டப் படிப்பை நாலு வருஷமாக்கியது. மறு வருஷமே கைவிட்டது. 2022-ல் திரும்பவும் கொண்டு வந்தது. 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையில் நாலாவது வருஷம் விரும்பினால் படிக்கலாம் என்று இருக்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாட்டு அரசு ஏற்க மறுத்தது. அதன் நியாய அநியாயம் பெரிய விஷயம். இந்தப் பத்தியில் அடங்காது. நம் திண்ணையில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அந்த நாலாவது வருஷம் இல்லை என்பது மட்டும் இங்கே போதும்.

இன்னொன்றும் உண்டு. பௌதிகத்தில் பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள்ளப்படும் மாணாக்கனுக்கு அமெரிக்கச் சர்வகலாசாலைகள் பெரும்பாலும் சம்பளத்தைத் தள்ளிவிட்டு, வகுப்பு நடத்துவதற்கோ ஆராய்ச்சிக்கு உதவுவதற்கோ மாதப்படியும் கொடுக்கின்றன. எம்.எஸ். மட்டும் படிக்கப் போகிறவனோ பெரும்பாலும் கைப்பணத்தைக் கட்ட வேண்டும். ஆக, மனு பலமாக இருப்பதற்கும் பலவீனமாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் கௌரவத்தைப் பற்றிய விஷயமல்ல. இரண்டு தறிக்காரர் வீட்டில் அது பிள்ளை போவதா போகாமலிருப்பதா என்கிற வித்தியாசம். இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்று பையன் சொன்னதில் தவறில்லை. அந்த வருஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில்தான் அவனோடு நமக்கு வழக்கு.

"எழுதாமல் விட்ட பாடம் மதிப்பெண் பட்டியலில் எப்படி அச்சாகும் என்று பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டோம்.

பார்த்ததில்லை என்றான். வரவில்லை என்ற குறி போடுவார்கள். அமெரிக்காவில் அந்தத் தாளைக் கையில் எடுக்கும் பேராசிரியருக்கு இது யுக்தி என்று எப்படித் தெரியும்? சுரமா, சோம்பலா, பயமா என்றுதான் யோசிப்பார். நம் சர்வகலாசாலைகளும் ஒரே தடவையில் தேறியவனுக்கு ஒரு மரியாதையும், பாக்கி வைத்துத் தேறியவனுக்கு வேறு மரியாதையும் வைத்திருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணாக்கன் விசேஷச் சிறப்புடன் முதல் வகுப்பு வாங்க வேண்டுமானால், மதிப்பெண் மட்டும் போதாது. எல்லாப் பாடங்களிலும் முதல் தடவையிலேயே தேறியிருக்க வேண்டும். இவன் பௌதிகம் படிக்கிறவன், அந்த விதி இவனுக்கில்லை என்றாலும், முதல் தடவைக்கு இருக்கும் மதிப்பு எங்கும் ஒன்றுதான். மேலும், பாடம் பாக்கி உள்ளவனுக்குச் சோதனைச்சாலைக் கதவு திறந்திருக்கும் என்பதும் கற்பனை. வகுப்பில் பெயர் இராது. பரீட்சைக் கட்டணம் கட்டும் அன்று மட்டும் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நிற்கலாம். அமெரிக்கப் பிள்ளைகள் பட்டத்தைத் தள்ளிப்போடுகிறார்கள் என்றால், அவர்கள் கலாசாலைக்குள்ளேயே இன்னொரு பருவத்துக்குப் பெயரைப் பதிந்து, சம்பளம் கட்டி, புதிய பாடமெடுத்துப் படிக்கிறார்கள். அது வேறு. நாம் பாக்கி வைப்பது வேறு.

இதைச் சொல்லும்போது நமக்கு ராமானுஜனின் ஞாபகம் வந்தது. கும்பகோணத்துக்காரர் என்று உலகம் சொன்னாலும், அவர் 1887 டிசம்பர் 22-ந் தேதி பிறந்தது நமக்குப் பக்கத்து ஈரோட்டில், தாயாரைப் பெற்றவர்களின் வீட்டில். 'ராமானுஜன் பரீட்சையில் தவறியவர்தானே. பட்டமில்லாமலே கேம்பிரிட்ஜ் போகவில்லையா?' என்று வீராப்புப் பேசும் பிள்ளைகளை வருஷத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறோம். தவறினார், உண்மைதான். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களை விட்டார்; கும்பகோணத்தில் உபகாரச் சம்பளம் போயிற்று; சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிலிருந்தும் எப்.ஏ. தேற முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை இந்தப் பிள்ளைகள் விசாரிப்பதில்லை. நாலைந்து வருஷம் அவர் உத்தியோகம் தேடி அலைந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை கிடைத்ததே பெரிய காரியமாக இருந்தது. 1913 ஜனவரியில் அவர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அந்த வருஷமே சென்னைச் சர்வகலாசாலை 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. 1914-ல் கப்பலேறினார். ஹார்டி பட்டத்தைப் பார்க்கவில்லை. கடிதத்தோடு வந்த தேற்றங்களைப் பார்த்தார். உங்கள் கையில் அப்படிப்பட்ட கடிதம் இருந்தால் எந்தப் பரீட்சையை வேண்டுமானாலும் விடுங்கள். நாம் குறுக்கே நிற்க மாட்டோம். இன்னொரு விஷயம்: அந்த ராமானுஜனே கேம்பிரிட்ஜ் போய் 1916-ல் ஆராய்ச்சியின் மூலம் பி.ஏ. பட்டம் வாங்கிக்கொண்டார்.

பையன் முகம் சற்று வாடியது. பிள்ளையை மடக்கிவிட்டோம் என்கிற பெருமை வாத்தியார்களுக்கு எளிதில் வந்துவிடும்; அதில் பிரயோஜனமில்லை. ஆகையால் அவன் பக்கத்துக்கும் ஒரு சாட்சியைக் கூப்பிட்டோம்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1925-ல் சென்னை மாகாணக் கலாசாலையில் சேர்ந்தார். இண்டர்மீடியட் இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்கு மேல் சாதாரணப் பட்டம் என்றால் இரண்டு வருஷம். ஆனர்ஸ் என்றால் மூன்று வருஷம். அவர் மூன்று வருஷத்து ஆனர்ஸை எடுத்துக்கொண்டார். சாதாரணப் பட்டம் எடுத்திருந்தால் 1929-ல் வெளியே வந்திருப்பார். ஆனர்ஸ் எடுத்ததால் 1930 ஆயிற்று. தள்ளிப்போன அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1928-ல் ஜெர்மனியிலிருந்து சோமர்பெல்டு என்னும் பேராசிரியர் சென்னைக்கு வந்து பிரசங்கம் செய்தார். அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த இந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை நேரில் போய்ப் பார்த்தான். 'நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது. பௌதிகம் மாறிவிட்டது' என்கிற செய்திதான் அங்கே கிடைத்தது. வேறொருவனாயிருந்தால் மனம் உடைந்து போயிருப்பான். சந்திரசேகர் புதியதைப் படித்தார்; சில மாதங்களில் தாமே ஒரு கட்டுரை எழுதிக் கேம்பிரிட்ஜில் பௌலர் என்பவருக்கு அனுப்பினார். 1929-ல் அது ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் அச்சாயிற்று. 1930 ஜூனில் பட்டம். ஜூலையில் இந்திய சர்க்காரின் உபகாரச் சம்பளம். அந்த மாதக் கடைசியிலேயே பம்பாயில் கப்பல். டிரினிடி கலாசாலையில் இடத்துக்கு ஏற்பாடு செய்தவர் அதே பௌலர். கப்பலில் போகும்போதே போட்ட நட்சத்திரக் கணக்குக்கு, 1983-ல் நோபல் பரிசு வந்தது.

"அவருக்கு அந்த மூணாவது வருஷம் இருந்துச்சுங்களே சார்" என்றான் பையன்.

"இருந்தது. ஆனால் அவர் எதையும் பாக்கி வைத்துக்கொண்டு அந்த வருஷத்தைச் சம்பாதிக்கவில்லை. அது படிப்புக்கு உள்ளேயே இருந்த வருஷம். உனக்கும் அப்படி ஒரு வருஷம் வேண்டும் என்றால் எங்கே கிடைக்கும் என்று யோசி" என்றோம்.

இவ்விடத்தில் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடுவைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. 1945-ல் அங்கே ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற் கலாசாலை உண்டானபோது நாயுடு அதன் தலைவராக இருந்தார். நாலு வருஷப் படிப்பு காலத்தை வீணாக்குவது, இரண்டு வருஷம் போதும் என்றார். சர்க்கார் ஒப்பவில்லை, அவர் ராஜினாமாக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கலாசாலைதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கலாசாலை. ஜில்லாவுக்கு ஒரு நாயுடு இருந்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவோ நல்லது. பிரின்ஸிபால்களுக்குத்தான் தூக்கம் வராது! அன்று அவர் கேட்டதில் ஒரு பங்கையாவது பல்கலைக்கழக மானியக் குழு 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டது. கெட்டிக்காரப் பிள்ளை பட்டப் படிப்பைக் குறித்த காலத்துக்கு முன்பே முடிக்கலாம். இயலாத பிள்ளை இரண்டு பருவம் வரை நீட்டிக்கொள்ளலாம். எப்படி முடித்தாலும் பட்டத்துக்கு மதிப்பு ஒன்றே. எவ்வளவு காலத்தில் முடித்தான் என்று பட்டியலில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை ஏற்றுக்கொண்ட கலாசாலையில்தான் நடக்கும். முதல் வருஷங்களிலேயே கேட்கவும் வேண்டும். கடைசிப் பருவத்தில் வந்து நிற்கிற பிள்ளைக்கு அது உதவாது.

நம்முடைய சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பட்டம் வாங்கிய பிறகு நாமும் ஒரு வருஷம் 'தயார் செய்கிறேன்' என்று வீட்டில் இருந்தோம். முதல் மாதம் கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினோம். மூன்றாவது மாதம் அட்டவணையின் ஒரு மூலை கிழிந்தது. ஆறாவது மாதம் ரேஷன் கடைக்கும் கரண்டு பில் கட்டவும் போய்வருகிற ஆள் நாம்தான் என்று வீட்டில் தீர்மானமாகிவிட்டது. ஆசிரியர் கண் பார்வையில்லாத வருஷத்துக்குக் கால் முளைத்து ஓடிவிடும் சுபாவம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பேச்சு இவ்வளவில் நின்றது. யோசித்துச் சொல்கிறோம் என்று இருவரும் எழுந்து போனார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிளஸ்-டூ பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். ஒரு பெண் மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பையனின் தங்கை. நம் வகுப்பில்தான் படிக்கிறாள், கெட்டிக்காரி, கோயமுத்தூர் விவசாயக் கலாசாலையில் சேர வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள்.

"சார், அண்ணன் ஒரு வருசம் நின்னா நானும் நிக்கோணுமுங்களா?"

முதலில் நமக்கு விளங்கவில்லை. பிறகுதான் விசாரித்தோம். வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் பணம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் வைகாசியில் பட்டம் வாங்கி, மேலே உபகாரச் சம்பளத்திலோ குறைந்த சம்பளத்திலோ படிக்கப் போவான், பெட்டியிலுள்ளது தங்கைக்கு என்று ஏற்பாடு. இப்போது அண்ணன் ஒரு வருஷம் நிற்பதாக இருந்தால் அவனுக்கு விடுதிச் செலவு வேண்டும். ஜி.ஆர்.ஈ. பரீட்சைக்கு 220 டாலர். (பௌதிகத்தில் அதைக் கேட்காத சர்வகலாசாலைகள் இப்போது எத்தனையோ உண்டு, அதைக்கூட அந்தப் பையன் விசாரிக்கவில்லை.) ஒவ்வொரு சர்வகலாசாலைக்கும் மனுக் கட்டணம் 75 டாலர், 100 டாலர் என்று இருக்கிறது, எட்டு இடத்துக்குப் போட்டால் அதுவே அறுபதாயிரம் ரூபாயை நெருங்கும். "அவன் காரியம் ஒரு வழி ஆகட்டும், அடுத்த வருசம் உன்னைப் பார்ப்போம்" என்று தாயார் சொல்லிவிட்டாராம். தாயாரைக் குற்றம் சொல்ல முடியுமா? பெட்டி ஒன்று, பிள்ளைகள் இரண்டு.

"அடுத்த வருசம்னா மாப்பிள்ளை பார்ப்பாங்க சார்" என்றாள் அந்தப் பெண். அழவில்லை. நாளைக்கு லீவா என்று கேட்கிற குரலிலேயே சொன்னாள்.

நாம் இருபது வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் ராமானுஜனையும் சந்திரசேகரையும் அழைத்து வைத்துப் பேசினவர். இந்த வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறது, அது நம் வகுப்பிலேயே இரண்டாவது பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறது என்கிற நினைவு அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தடவையும் நமக்கு வரவில்லை. பையன் ஒரு வருஷம் என்று சொன்னதை அவனுடைய வருஷம் என்றே நாமும் எடுத்துக்கொண்டோம்.

புதன்கிழமை சாயங்காலம் நாமே அவர்கள் வீட்டுக்குப் போனோம். தறி நின்றிருந்தது. சிவப்பும் பச்சையுமாகப் பாதி நெய்த ஜமக்காளம் பலகையில் சுற்றியிருந்தது. பெண் சொன்னதை நாம் சொல்லவில்லை. "ஒரு வருஷம் என்றால் யாருக்கெல்லாம் ஒரு வருஷம் என்று கணக்குப் போட்டீர்களா?" என்று மட்டும் பொதுவாகக் கேட்டோம். தாயார் அடுக்களை வாசற்படியில் நின்றபடி மகளைப் பார்த்தார். பையன் தாயாரைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். பெட்டி விஷயம் அவனுக்கு அதுவரை தெரியாது என்றே நமக்குத் தோன்றியது. விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுச் சங்கதி பாதிதான் எட்டுகிறது. அந்தப் பாதியும் வடிகட்டித்தான் எட்டுகிறது.

"சார், ஜாம் எழுதியிருக்கேனுங்க" என்றான் சற்று நேரம் கழித்து.

இது ரொட்டியில் தடவுகிற ஜாமல்ல. ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்ஸி. சேருவதற்குப் பிப்ரவரியில் நடக்கும் பரீட்சை. கடைசி வருஷத்துப் பிள்ளைகளும் எழுதலாம். எழுதியதை ஞாயிற்றுக்கிழமை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. எடுபடாது என்று நினைத்திருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை. கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் நம் மாகாணத்துச் சர்வகலாசாலைகளில் பௌதிக எம்.எஸ்ஸி. இருக்கிறது. இரண்டு வருஷம். அமெரிக்கக்காரர் கேட்கும் பதினாறு பதினேழாகிவிடும். இரண்டாவது வருஷத்தில் ஆராய்ச்சி செய்தே ஆக வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கிற ஆசிரியர் இருப்பார். சிபாரிசுக் கடிதமும் தானே வரும். மாணாக்கன்தான் என்று சொல்லிக்கொள்ள எந்தப் பாடத்தையும் பாக்கி வைக்க வேண்டியதில்லை. சந்திரசேகருக்கு இருந்த மூன்றாவது வருஷம் இவனுக்கு இங்கேதான் இருக்கிறது என்று நம் அபிப்பிராயத்தைச் சொன்னோம்.

"ஒண்ணுக்கு ரெண்டாச்சுங்களே!" என்றார் தகப்பனார். நியாயமான கேள்வி. ஒரு வருஷம் கேட்ட பிள்ளைக்கு வாத்தியார் இரண்டு வருஷத்தை வாங்கிக் கொடுக்கிறார். ஆனால் அந்த இரண்டு வருஷத்துக்கு மனுக் கட்டணம் என்று எட்டு இடத்துக்கு டாலர் கட்ட வேண்டியதில்லை. அதைக் கட்ட வேண்டிய காலம் பிற்பாடு வரும். பெட்டியில் இருப்பது இந்த ஆனியில் எதற்கென்று வைத்ததோ அதற்கே ஆகும். பிள்ளை சீமைக்குப் போவது இரண்டு வருஷம் தாமதமாகும் என்பது உண்மை. அதை நாம் பூசி மெழுகவில்லை. அவனுக்கும் அது கசப்பாகத்தான் இருந்தது. கூடப் படித்தவர்களில் ஒருவன் இந்த ஆவணியிலேயே இங்கிலாந்து போகிறானாம்.

"எந்தப் பாடத்தை விடுவதாக இருந்தாய்?" என்று புறப்படும்போது கேட்டோம்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு நல்லா வர்ற பாடந்தான் சார். எப்ப எழுதுனாலும் பாஸ் பண்ணீருவேன்னுதான்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாயாருக்கும் வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தகப்பனார் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பரீட்சை என்றைக்கு என்று கேட்டார். பையன் தேதியைச் சொன்னான். தறிக்குப் பக்கத்துச் சுவரில் நூல் வாங்கின கணக்குக் கரிக்கட்டியால் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அந்தத் தேதியை எழுதினார். பிறகு மகளைப் பார்த்து, "அம்மிணி, உனக்கு விவசாயக் காலேசுக்கு மனுப் போட என்னைக்குக் கடைசி?" என்றார்.

அறிவிப்பு இன்னும் வரவில்லை என்றாள் அவள். தகப்பனார் சற்று யோசித்து, தேதிக்குக் கொஞ்சம் இடம் விட்டு, அதற்கும் கீழே ஒரு கோடு போட்டு வைத்தார்.